சிக்கெடுப்பதும் தெளிவதும்

கேள்வி: ‘சால்வ்’, ‘அன்ராவல்’, ‘ஃபிகர் அவுட்’, ‘கிராஸ்ப்’: எதை எங்கே போடுவது என்று குழம்புகிறேன். எல்லாம் ஒன்றுதானே?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உறவு உண்டு; ஒன்றல்ல. ‘சால்வ்’, அவிழ்த்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கணக்கு, புதிர் என விடை இருக்கிற இடத்தில் போடுங்கள்.

வீரவநல்லூர்த் தறி வீட்டில் நூல் சிக்கிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்க மாட்டார்கள். நுனியைத் தேடி, இழை இழையாகப் பிரிப்பார்கள். அந்தச் சிக்கெடுப்புதான் ‘அன்ராவல்’. மர்மத்துக்குப் பொருந்தும், கூட்டல் கழித்தலுக்குப் பொருந்தாது.

‘ஃபிகர் அவுட்’ என்றால் நாமே யோசித்துக் கண்டுபிடிப்பது. அது பேச்சுநடை, பரீட்சைக் கட்டுரையில் தவிர்ப்பது நல்லது.

‘கிராஸ்ப்’ கையால் பற்றுவது. ‘இப்பதான் பிடிபட்டுது’ என்கிறோமே, அதே பிடிதான்.

‘கிளியர்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி கலங்கி வரும் மழைநாளில் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி, தண்ணீர் ஊற்றிவைப்பது பழைய வழக்கம். மண் அடியில் தங்கும், நீர் தெளியும். மனம் தெளிவதும் அப்படித்தான்.

இனி அகராதியில் பொருளோடு நிறுத்தாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.