சம்பளம் குறைந்தாலும் தொழில் மாறலாமா?



எனது தங்கையின் மகன் ஒரு மாலை நேரம் என் கடைக்கு வந்தார். வயது 31. மனைவி, இரண்டு பிள்ளைகள் மாவனல்லையில் இருக்கிறார்கள். இவர் புறக்கோட்டையில் ஒரு பெரிய புடவைக் கடையில் விற்பனையாளர். மாதச் சம்பளம் 80,000 ரூபா. அதை விட்டுவிட்டு ஏ.சி., குளிரூட்டி திருத்தும் ஒரு பாஸிடம் 50,000 ரூபாவுக்குச் சேரப் போவதாகச் சொன்னார்.

"மாமா, மாசம் 30,000 தானே குறையுது. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தா ஒரு தொழில் கைக்கு வந்திடும்" என்றார்.

எண்ணம் நல்லது. புடவை விற்கும் கை, கடை இருக்கும்வரைதான் சம்பாதிக்கும். திருத்த வேலை தெரிந்த கை எந்த ஊரிலும் சம்பாதிக்கும். ஆனால் "30,000 தானே" என்ற வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்றால் அதே தவறை நானும் ஒரு காலத்தில் செய்தேன்.

1993இல் நானும் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில்தான் நின்றேன். சம்பளம் 3,000 ரூபா. ஹாட்வெயார் வியாபாரம் படிக்க வேண்டும் என்ற ஆசையில் இன்னொரு கடைக்கு 2,000 ரூபாவுக்கு மாறினேன். ஆயிரம் ரூபாதான் நஷ்டம் என்று நினைத்தேன். பழைய கடையில் மூன்று வேளைச் சாப்பாடும் மாடியில் படுக்கையும் இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. புதிய இடத்தில் இரண்டும் இல்லை. மூன்றாம் மாதமே ஊருக்கு அனுப்பக் காசில்லை. உம்மா தன் இரண்டு காப்புகளை வங்கியில் அடகு வைத்தார். வட்டி ஏறியது. ஒன்றை மீட்டேன், மற்றது ஏலத்தில் போனது. உம்மா அதைப் பற்றி ஹயாத்தோடு இருந்தவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே மருமகனை உட்காரவைத்து ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

1. உண்மையில் குறைவது எவ்வளவு?

பழைய முதலாளி ஈ.பி.எப். 12 வீதமும் ஈ.டி.எப். 3 வீதமும் கட்டுகிறார். 80,000 ரூபாவுக்கு அது 12,000. பகல் சாப்பாடு கடையில். வெளியே சாப்பிட்டால் நாளுக்கு 400 ரூபா வீதம் 26 நாளுக்கு 10,400. தங்குமிடம் இலவசம்; அறை எடுத்தால் அவர் பங்கு 10,000. எல்லாம் சேர்ந்தால் அவருடைய உண்மையான வருமானம் 1,12,400.

புதிய இடத்தில் 50,000 சம்பளமும் ஈ.பி.எப்., ஈ.டி.எப். 7,500 உம் சேர்த்து 57,500. ஆக, குறைவது 30,000 அல்ல, 54,900. இதைக் கேட்டதும் மருமகன் சற்று நேரம் பேசவில்லை.

2. எப்போது விலகுவது?

அவர் வேலைக்குச் சேர்ந்து 4 வருடமும் 8 மாதமும் ஆகிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்க வேண்டும். அந்தக் கடையில் இருபதுக்கு மேற்பட்டோர் நிற்கிறார்கள். இன்னும் 4 மாதம் பொறுத்தால் 40,000 வீதம் 5 வருடத்துக்கு 2,00,000 ரூபா. இன்றே விலகினால் அந்த உரிமை இல்லை. இது அவருக்குத் தெரியவே தெரியாது.

3. படிக்கும் காலத்தில் வீடு எப்படி ஓடும்?

வீட்டுக்கும் தன் கைச்செலவுக்குமாக அவருக்கு மாதம் 65,000 வேண்டும். புதிய சம்பளத்தில் ஈ.பி.எப். 8 வீதம் கழிந்து கைக்கு வருவது 46,000. சாப்பாடு, அறை போனால் மிச்சம் 25,600. மாதம் 39,400 துண்டு விழுகிறது. ஒரு வருடத்துக்கு 4,72,800. சேமிப்பு 1,50,000 இருக்கிறது. பணிக்கொடை 2,00,000. மனைவி தைத்துச் சம்பாதிப்பது மாதம் 10,000 வீதம் 1,20,000. மொத்தம் 4,70,000. கிட்டத்தட்ட சரி. ஆனால் பணிக்கொடை இல்லாவிட்டால்? வட்டிக்கடன் அல்லது நகை அடகு. இரண்டும் வேண்டாம் என்றேன்.

4. எதைப் படிப்பது, எத்தனை காலத்துக்கு?

நான் ஹாட்வெயார் கடையில் முதல் ஒரு வருடம் சீமெந்து மூட்டை ஏற்றினேன், பில் எழுதினேன். கொள்விலைப் புத்தகத்தை ஒரு நாளும் என் கண்ணில் காட்டவில்லை. முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. எதைக் கற்றுத் தருவீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். பிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்தவர், மத்யனில் ஆடு மேய்க்கும் வேலையை ஏற்றார். ஆனால் காலம் முதலிலேயே பேசப்பட்டது: எட்டு வருடம், விரும்பினால் பத்து. சூரா அல்கஸஸில் இது வருகிறது. தாழ்ந்த வேலையை ஏற்பது வெட்கமல்ல. பேசாமல் ஏற்பதுதான் பிழை.

எனவே மருமகனிடம், பாஸிடம் போய் மூன்று விடயம் பேசச் சொன்னேன். ஆறு மாதத்தில் எந்த வேலையைத் தனியாகச் செய்ய விடுவார்? ஒரு வருடத்தில் சம்பளம் எவ்வளவு? என்.வி.கியூ. சான்றிதழுக்கான பரீட்சைக்கு லீவு தருவாரா? பதிலை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆன் சொல்லியிருக்கும்போது இதில் கூச்சம் எதற்கு?

பாஸ், ஈ.பி.எப். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் என்றாராம். சட்டம் அப்படி இல்லை. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். அதை எடுத்துச் சொன்னபின் ஒப்புக்கொண்டார்.

முடிவு என்னவென்றால், மருமகன் இன்னும் 4 மாதம் புடவைக் கடையில் நிற்பார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸோடு வேலைக்குப் போவார். கூரையில் வெயிலில் நின்று பார்த்தபின், இந்தத் தொழில் தன் உடம்புக்கும் மனதுக்கும் ஒத்துவருமா என்பது சம்பளத்தை இழக்காமலே தெரிந்துவிடும். மனைவியிடமும் முழுக் கணக்கையும் காட்டச் சொன்னேன். மஷூராவும் இஸ்திகாராவும் அதன்பின் தாமாக வரும்.

கடைசியாக, என் போன்ற முதலாளிமாருக்கு இரண்டு வார்த்தை. உங்களிடம் ஒருவர் குறைந்த சம்பளத்துக்குத் தொழில் படிக்க வந்தால், அந்தக் குறைந்த காசு அவர் பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்து வருகிறது. அது உங்களிடம் ஒரு அமானிதம். கற்றுக்கொடுக்காமல் மூட்டை தூக்க மட்டும் வைத்திருக்காதீர்கள். அதேபோல் உங்களிடமிருந்து ஒருவர் விலகினால், பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். முகத்தைச் சுளிக்காமல் துஆச் செய்து அனுப்புங்கள். நாளை உங்கள் கடை ஏ.சி. பழுதானால் அவர்தான் வருவார்.

சம்பளம் குறைந்தாலும் தொழில் மாறலாம். கணக்குப் பார்த்து, காலம் பேசி, கடனில்லாமல் மாறுங்கள். பரக்கத்தை அல்லாஹ் தருவான், இன்ஷா அல்லாஹ்.