மூளையின் பூட்டுகள்

கசகசா விளையும் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அப்பால் காய்ந்து பழுப்பு நிறமானதும் அபின் எனப்படுகிறது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் இச்செடியைப் பயிரிடுகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். ஆயினும், வயலில் வளரும் செடியின் பால் மனிதனின் வலியை எவ்வாறு அடக்குகிறது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது.

விடை காண, நரம்புச்செல்கள் செய்தி பரிமாறும் முறையை அறிதல் வேண்டும். ஒரு நரம்புச்செல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. 1 மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால், ஏறத்தாழ அதில் ஒரு பங்கே அதன் அகலம். மின்துடிப்பு அங்கு வந்தடைந்ததும் செல் சில வேதிப்பொருள்களை வெளிவிடுகிறது. இவை நரம்புணர்வு கடத்திகள். இவை இடைவெளியைக் கடந்து, அடுத்த செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்துகின்றன. ஏற்பியைப் பூட்டு என்றும் கடத்தியைச் சாவி என்றும் கொள்ளலாம். சில சாவிகள் செல்லைத் தூண்டும்; சில அடக்கும்.

1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மார்ஃபின் பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பதைக் காட்டினர். செடியின் பாலுக்கென மூளை பூட்டு அமைத்திருக்குமா? அப்பூட்டுக்கு உரிய சாவி உடலிலேயே இருத்தல் வேண்டும் அன்றோ! 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் அச்சாவியைக் கண்டறிந்து, என்கெஃபலின் எனப் பெயரிட்டனர். ‘தலைக்குள் இருப்பது’ என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். அது உடல் தானே உண்டாக்கும் வலிதணிப்பான். மார்ஃபினோ அதே பூட்டில் பொருந்தி, வலிச்செய்தியைத் தடுக்கும் மாற்றுச்சாவி.

புற்றுநோயின் கடும் வலியால் துன்புறுவோர்க்கு மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின் பேருதவியாகும். ஆனால், மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும் இதே ஏற்பிகள் உள்ளன. எனவே அளவு மிகுந்தால் மூச்சு தளர்ந்து நின்றுவிடும். போதைக்காகத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்பிகளின் உணர்வு குன்றும். நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாது. நிறுத்தினால் உடல் தவிக்கும். அடிமைப்படுதல் மனவலிமைக் குறைவு மட்டுமன்று. மூளையில் நிகழும் மாற்றமும் ஆகும். ஆகவே, அதற்கு ஆட்பட்டவர்க்குத் தேவை ஏளனமன்று, மருத்துவமே.

மூச்சு தளர்ந்தவரைக் காக்க நலாக்சோன் என்னும் மருந்து உண்டு. அது அதே பூட்டினுள் நுழையும், ஆனால் திறவாது. மார்ஃபினை விலக்கி அவ்விடத்தைத் தான் பற்றிக்கொள்வதால், சில நிமிடங்களில் மூச்சு மீளும். அதன் ஆற்றல் விரைவில் தீருமாதலால், மூச்சு மீண்ட பின்னும் மருத்துவமனைக் கண்காணிப்பு இன்றியமையாதது.

அருஞ்சொற்பொருள்

உரிமம் – அரசு தரும் அனுமதி
குன்றுதல் – குறைதல்
ஏளனம் – இகழ்ச்சி

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அச்சாவி, பேருதவி.
2. எதிர்ச்சொல் தருக: தூண்டும், மிகுந்தால்.
3. மார்ஃபினை ‘மாற்றுச்சாவி’ என்று கூறக் காரணம் யாது?
4. மார்ஃபினும் நலாக்சோனும் ஒரே ஏற்பியில் பொருந்தியும் வேறுபட்ட விளைவைத் தருவது ஏன்?
5. போதைக்கு ஆட்பட்டவரைச் சமூகம் எவ்வாறு நடத்த வேண்டும்? ஐந்து தொடர்களில் எழுதுக.