கோட்டருகே விழுந்தவர்கள்

மாரத்தான் ஓட்டத்தின் கதை ஒரு சாவில் தொடங்குகிறது. கி.மு. 490-இல் மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸுக்கு ஓடிவந்த ஃபெய்டிப்பிடஸ், வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு அங்கேயே விழுந்து உயிரை விட்டார் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் போரை எழுதிய ஹெரோடோட்டஸின் நூலில் இந்தச் சாவே இல்லை. அவர் சொல்லும் ஃபெய்டிப்பிடஸ், போருக்கு முன் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவர். தூரம் சுமார் 240 கிலோமீட்டர். ஓடிப் போனார், செய்தியைச் சொன்னார், அவ்வளவுதான். விழுந்து செத்த தூதர் புளூட்டார்க்கின் எழுத்தில் வருகிறார். அது போர் முடிந்து ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதுவும் வேறு பெயர்களில். 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தானைச் சேர்த்தவர்கள் இந்தப் பிந்தைய கதையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதனால்தானோ என்னவோ, நெடுந்தூர ஓட்டத்தில் ஒருவர் முடிவுக்கோட்டருகே விழுந்தால் அதை உடம்பில் நடக்கும் ஒன்றாக நாம் பார்ப்பதில்லை. ஒன்று, வீரம் என்கிறோம். இல்லையென்றால், தெம்பில்லை என்கிறோம். இரண்டுமே ஓடுகிறவர்களுக்குக் கேடு செய்திருக்கின்றன. இதுபோன்ற சில தவறான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“தெம்பு இல்லாதவர்தான் விழுவார்”

1908 ஜூலை 24. லண்டன் ஒலிம்பிக் மாரத்தான். வெயில் கடுமையான நாள். இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி, முன்னால் போய்க்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் சார்லஸ் ஹெஃபரனை விரட்டிப் பிடித்து, முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். வந்தவர் எதிர்த்திசையில் திரும்பினார். அதிகாரிகள் சரியான பக்கம் திருப்பிவிட்டார்கள். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசி 350 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய பத்து நிமிடம் ஆனது. தாங்கிப் பிடித்த கைகளோடு 2 மணி 54 நிமிடம் 46 விநாடியில் கோட்டைத் தாண்டினார். அடுத்து வந்த அமெரிக்கர் ஜானி ஹேஸ் 32 விநாடிதான் பின்னால். பிறர் உதவியோடு முடித்தார் என்பதால் பியெட்ரி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தங்கம் ஹேஸுக்குப் போனது. (அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தில் பியெட்ரியைத் தாங்கி நிற்பவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தவறு. டாயில் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து ‘டெய்லி மெயில்’ நாளிதழுக்காக எழுதிக்கொண்டிருந்தார்.)

பியெட்ரிக்குத் தெம்பில்லை என்று சொல்பவர்கள் அதே ஆண்டு நவம்பரில் நடந்ததையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அதே தூரத்தை அதே ஹேஸோடு ஓடி வென்றார். கால்கள் அதே கால்கள்தான். லண்டனில் மாறியிருந்தவை வெயிலும், ஹெஃபரனை எட்டிப்பிடிக்கப் போன வேகமும்தான்.

இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் இன்னும் வலுவான சாட்சி. மாரத்தானை 2 மணி 20 நிமிடத்துக்குள் முதலில் ஓடிக் காட்டியவர் அவர். 1954-இல் வான்கூவரில் நடந்த மாரத்தானில், அடுத்தவரைவிட 17 நிமிடம் முன்னதாக மைதானத்துக்குள் வந்தார். அங்கே 200 மீட்டர் நகர 11 நிமிடம் தத்தளித்தார். முடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. அன்றைய உலகின் மிக வேகமான மாரத்தான் ஓட்டக்காரரைப் பலவீனர் என்று யார் சொல்வது? வலிமையானவர்கள்தான் தங்கள் உடம்பை அந்த விளிம்புவரை விரட்ட முடியும். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறவருக்கு அந்த ஆபத்து வருவதில்லை.

“கோட்டைத் தாண்டி விழுந்தால் உயிருக்கு ஆபத்து; கோட்டுக்கு முன்னால் தள்ளாடுபவரைக் கை தட்டி ஊக்கப்படுத்தினால் போதும்”

உண்மை ஏறக்குறைய இதற்கு நேரெதிர். தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூரப் பந்தயங்களில் மயங்கி விழுந்தவர்களை ஆராய்ந்த டிம் நோக்ஸும் அவருடைய குழுவினரும் கண்டது, விழுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓடி முடித்த பிறகே விழுகிறார்கள் என்பது. காரணம் எளிது. ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் இறுகித் தளர்ந்து, காலில் இறங்கிய ரத்தத்தை அடிபம்பு போல மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. உடல் சூட்டைத் தணிக்கத் தோலின் ரத்தக்குழாய்களும் அகலமாக விரிந்திருக்கின்றன. கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றால் அந்த இறைப்பும் நின்றுபோகிறது. ரத்தம் காலிலேயே தேங்குகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, கண் இருட்டுகிறது, ஆள் சாய்கிறார். பெரும்பாலும் படுக்க வைத்து, காலையும் இடுப்பையும் உயர்த்தி வைத்தாலே சில நிமிடங்களில் தெளிந்துவிடுகிறார். இப்படி விழுந்தவரைக் கைத்தாங்கலாக நிமிர்த்தி நிற்க வைப்பது தவறான உதவி.

ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுமாறி விழுகிறவரின் கதை வேறு. அந்த நேரத்தில் கெண்டைக்கால் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியும் விழுகிறார் என்றால் வெப்பத்தாக்கு, ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ இறங்கியது, இதயக் கோளாறு என்று பெரிய காரணம் ஏதேனும் இருக்கலாம். கேள்வி கேட்டால் குழப்பமாகப் பதில் சொல்கிறார், திசை தெரியாமல் திரும்புகிறார், கால் பின்னுகிறது என்றால் அது மருத்துவ அவசரம். கை தட்டும் நேரம் அல்ல அது.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. ஸ்விட்சர்லாந்தின் கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசித் தண்ணீர் நிலையத்தைத் தவறவிட்டிருந்தார். மைதானத்துக்குள் வந்தபோது உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு கை தொங்கியது. ஒரு கால் விறைத்திருந்தது. கடைசிச் சுற்றை முடிக்க ஐந்தே முக்கால் நிமிடம் ஆனது. அருகில் வந்த மருத்துவர்களை அவர் விலகச் சொன்னார். தொட்டால் தகுதி போய்விடும் என்ற பயம். வியர்த்துக்கொண்டிருக்கிறார், ஆகவே வெப்பத்தாக்கு இல்லை என்று மருத்துவர்களும் விட்டுவிட்டார்கள். 37-ஆவதாக வந்து விழுந்தார், சிகிச்சையில் தேறினார். அந்தக் காட்சி இன்றும் மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. எனக்கு அதைப் பார்க்கும்போது பயம்தான் வருகிறது. உடல் உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம் என்பது இன்றைய மருத்துவத்துக்குத் தெரியும். வியர்வையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உடலின் உள்வெப்பத்தை அளக்க வேண்டும். அது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, நினைவும் தடுமாறினால், அங்கேயே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திக் குளிரவைத்துவிட்டுப் பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு நேர்ந்ததற்குப் பிறகு, மருத்துவர் தொட்டுப் பரிசோதித்தாலே தகுதி போய்விடாது என்று விதி மாறியது.

“தண்ணீர் குடிக்கக் குடிக்க நல்லது”

1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் இதற்கு நேர்மாறாக நம்பினார்கள். புழுதி பறந்த வெயிலில் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சையும் பிராந்தியையும் கொடுத்து ஓட வைத்தார்கள். ஓட ஆரம்பித்த 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். பிறகு நம்பிக்கை மறுமுனைக்குத் தாவியது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. முக்கியக் காரணம், அளவுக்கு மீறிக் குடித்தது. வெயில் ஊரில் தண்ணீர் அவசியம்தான். ஆனால் தாகத்துக்குக் குடிக்க வேண்டும். ஓடி முடித்தபின் உடல் எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை.

“பெண் உடல் நெடுந்தூரத்தைத் தாங்காது”

இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் நடந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாவது. இறுதிப்போட்டியில் ஓடிய ஒன்பது பேருமே முடித்தார்கள். மறுநாள் செய்தித்தாள்களோ, பெண்கள் கொத்துக் கொத்தாகச் சரிந்தார்கள், பாதியில் நின்றார்கள் என்று எழுதின. களைத்துப்போய்ப் புல்லில் சாய்ந்ததைப் பேரழிவாக்கின. விளைவு, 1960 ரோம் ஒலிம்பிக்வரை பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் எந்த ஓட்டமும் இல்லை. 32 ஆண்டுகள்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு பியெட்ரி ஐந்து முறை விழுந்தார். ஆண்கள் மாரத்தானை யாராவது ரத்து செய்தார்களா? அவருக்கு மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா வெள்ளிக் கோப்பை கொடுத்தார். ஆண் விழுந்தால் காவியம், பெண் சாய்ந்தால் தடை. அந்த 32 ஆண்டுகளில் ஓடியிருக்க வேண்டிய பெண்கள் எத்தனை பேர் ஓடாமலே வயதாகிப் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

“எடை தூக்கினால் ஓட்டக்காரருக்கு உடம்பு கனத்துவிடும்”

நெடுந்தூர ஓட்டக்காரர் ஒல்லியாக இருப்பதைப் பார்த்து, அவருக்கு வேண்டியது நுரையீரல் மட்டுமே என்று நினைக்கிறோம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசையை ஒற்றைக்கால் தாங்குகிறது. மாரத்தான் ஒன்றில் இப்படிப் பல்லாயிரம் அடிகள். இது தசை வேலை.

பின்லாந்தின் லீனா பாவோலைனனும் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் ஒன்பது வாரம் தங்கள் ஓட்டப் பயிற்சியில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, குதித்தல், குறுவிரைவு ஓட்டம், வேகமான எடைப் பயிற்சி ஆகியவற்றைச் செய்தார்கள். அவர்களுடைய 5 கிலோமீட்டர் நேரம் சுமார் 3 சதவீதம் குறைந்தது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு மாறவே இல்லை. அதே வேகத்தில் ஓட ஆகும் ஆக்சிஜன் செலவுதான் குறைந்தது. நார்வேயில் 2008-இல் வந்த ஆய்வில், எட்டு வாரம் கனமான எடையோடு அரை ஸ்குவாட் (பாதி உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தவர்களின் உடல் எடை கூடவில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். படிக்கட்டின் ஓரத்தில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைக் காற்றில் விட்டு, சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் எழும்புங்கள். மேலே ஒரு விநாடி நில்லுங்கள். மூன்று விநாடி எடுத்துக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். நன்றாக ஓடுகிறவர்களுக்கே பதினைந்தாவது முறையில் கெண்டைக்கால் நடுங்கும். வாரத்துக்கு இரண்டு நாள் இதையும் ஸ்குவாட்டையும் சேர்த்தால், கடைசிக் கிலோமீட்டர்களில் நடை சிதையாமல் இருக்க உதவும்.

ஆனால் இந்தப் பலம் வெப்பத்தாக்கைத் தடுக்காது. பீட்டர்ஸுக்கு அது உதவவில்லை. கோட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டால் எவ்வளவு உரமேறிய கெண்டைக்காலும் ரத்தத்தை மேலே தள்ளாது. நம் ஊர்களில் பந்தயம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பதக்கம் மாட்டும் மேசையையும் படம் எடுத்துக்கொள்ளும் பேனரையும் கோட்டை ஒட்டியே வைக்காதீர்கள். நூறு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஓடி வந்தவர் அங்கே போய்ச் சேரும்வரை நடந்தே ஆக வேண்டும்.