உருளூர்தியும் முதுகந்தண்டும்

ஆங்கிலத்தார் ‘ரோலர் கோஸ்டர்’ என வழங்கும் கேளிக்கை ஊர்திக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இன்றளவும் அமைந்திலது. உருளைகளின்மேல் உருண்டோடுதல் பற்றி யாம் இக்கட்டுரையில் அதனை ‘உருளூர்தி’ எனக் குறிப்போம். இதனினும் நல்ல பெயர் காண்பார் காண்க. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எமக்குப் பௌதிகத்திலும் உடற்கூற்றிலும் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைப்பார்க்கு விடை கூறுதல் எம் கருத்தன்று. முதுகெலும்பு முறிந்த ஓர் உருளூர்தி ஆர்வலன் மீண்டும் அதில் ஏறலாமோ என்னும் வினா எம் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது; அதனை ஆராயப் புகுந்தவிடத்து இவ்விரு துறைகளும் தாமே வந்து எதிர்நின்றன.

ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் வேண்டுமாதலின், அமெரிக்க நாட்டு இளைஞன் ஒருவனைக் கற்பித்துக்கொள்வோம். அந்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் ‘அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ்’ என்னும் ஆர்வலர் சங்கம் தோன்றிற்று. அத்தகைய ஆர்வலர் ஊர்தோறும் சென்று, தாம் ஏறிய உருளூர்திகளை எண்ணிக் கணக்கு வைப்பர்; ஒன்றிலேயே நூறுமுறை ஏறினும் கணக்கில் ஒன்றே. நம் இளைஞனும் அவ்வாறு முந்நூறு எண்ணியவன். ஆயின் அவன் முதுகை முறித்தது உருளூர்தி அன்று. கூரையின் நீர்த்தாரையில் அடைந்த இலைகளை அகற்ற ஏணியில் ஏறியவன், வழுக்கி, அமர்ந்த நிலையிலேயே தரையில் வீழ்ந்தான். முதல் இடுப்பு முள்ளெலும்பு நசுங்கிற்று. நானூறு அடி உயரத்தினின்று பலகால் இறங்கியவனை ஒன்பதடி ஏணி படுக்கையிற் கிடத்தியது.

அவன் காதலித்த ஊர்தியின் வரலாற்றைச் சுருங்கக் கூறி அப்பால் செல்வோம். உருசிய நாட்டில் மாரிக்காலத்து மரச்சட்டங்களின்மேல் பனிக்கட்டி பரப்பிச் சறுக்கி விளையாடியதே இதன் தோற்றுவாய் என்பர். 1817-ஆம் ஆண்டளவில் பாரிசு நகரத்தார் அதற்குச் சக்கரம் பூட்டினர். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து மாக் சங்க் என்னும் ஊரில் 1827-இல் அமைந்த நிலக்கரி இருப்புப்பாதையில், கரிவண்டிகள் மலையினின்று தம் எடையாலேயே இறங்கின. வெறுவண்டிகளை மேலே இழுத்தற்குரிய கோவேறு கழுதைகளும் ஒரு வண்டியில் உடன் இறங்கின. ஒருமுறை வண்டியில் இறங்கிச் சுகங்கண்ட கழுதைகள் பின் நடந்து இறங்க மறுத்தனவாம். மாந்தரும் காசு கொடுத்து அவ்வண்டிகளில் ஏறலாயினர். 1884-இல் லமார்க்கஸ் தாம்சன் என்பார் நியூயார்க்கைச் சார்ந்த கோனி தீவில் கேளிக்கைக்கென்றே ஒரு பாதை அமைத்தார். கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஆறு மைல். இன்று ஓடிப் பழகுவோர் அதனை எளிதிற் கடந்துவிடுவர்.

வேகம் பெருகப் பெருக உடலுக்கு வந்த இடர் யாது? 1895-இல் அதே கோனி தீவில் ‘பிளிப் பிளாப்’ என்னும் ஊர்தி, இருபத்தைந்து அடி விட்டமுள்ள முழு வட்ட வளையமொன்றிற் சுழன்றது. ஈண்டு வாசகர் சிறிது கணக்கிற்கு இசைய வேண்டுகின்றோம். வட்ட வளையத்தின் உச்சியில் வண்டி வீழாது கடத்தற்குக் குறைந்த அளவு வேகம் ஒன்றுண்டு. அவ்வளவு வேகத்தோடு உச்சியைக் கடக்கும் வண்டி அடிக்கு வரும்போது, வளையம் பெரிதாயினும் சிறிதாயினும், உள்ளிருப்பவன் தன் எடையைப்போல் ஆறு மடங்கை உணர்வான். அறுபது கிலோ எடையுள்ளவன் முந்நூற்றறுபது கிலோ ஆகின்றான். இது மிகக் குறைந்த அளவு. ‘பிளிப் பிளாப்’ ஊர்தியில் அது பன்னிரண்டு மடங்களவு சென்றது என மதிப்பர். கழுத்து நோவுற்று இறங்கினோர் பலர். அவ்வூர்தி நெடுநாள் நிலைக்கவில்லை.

பிழை வேகத்தில் அன்று, வட்டத்தில் இருந்தது. நேர்ப்பாதையிற் செல்லும் வண்டி வட்டத்துட் புகும் அக்கணத்திலேயே முழுச்சுமையும் ஒருங்கே முதுகின்மேல் விழுகின்றது. 1901-இல் ‘லூப் த லூப்’ என்னும் ஊர்தியில் வளையம் முட்டை வடிவாயிற்று. 1976-இல் கலிபோர்னியாவில் அன்டான் சுவார்ஸ்காப் என்பாரும் வெர்னர் ஸ்டெங்கல் என்பாரும் ‘ரெவலூஷன்’ என்னும் ஊர்தியை அமைத்தபோது, ‘குளோதாய்டு’ என்னும் வளைகோட்டைக் கைக்கொண்டனர். அஃது அடியில் அகன்றும் உச்சியில் ஒடுங்கியும் நிற்கும்; சுமை படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். பாதையை வகுத்த பொறியியலார் உண்மையில் மாந்தரின் முதுகைக் கருதியே கோடு வரைந்தனர் என்று யாம் கூறத் துணிகின்றோம்.

சுமையின் அளவொன்றே கேடு விளைப்பதன்று. அது வரும் திசையும் நோக்கற்பாலது. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஜான் பால் ஸ்டாப் என்னும் அமெரிக்க மருத்துவ அதிகாரி, இராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்திற் சென்று திடுமென நிறுத்தப்பட்டார். அவர் உடல் தாங்கியது புவியீர்ப்பைப்போல் நாற்பத்தாறு மடங்கிற்கும் மேல். எனினும் உயிருடன் எழுந்தார். அச்சுமை முன்பின்னாக உடலைத் தாக்கியது. அதனிற் பன்மடங்கு குறைந்த சுமையே தலையினின்று இருப்பிடம் நோக்கி, முதுகந்தண்டின் நெடுக்கே வருமாயின் எலும்பு நசுங்கும். போர்விமானத்தினின்று இருக்கையோடு மேலே வீசப்பட்டு உயிர் பிழைக்கும் விமானிகள் பலர்க்கு நேரும் முறிவு இத்தகையதே. ஆகவேதான் தலையையும் முதுகையும் இருக்கையோடு சார்த்தி நிமிர்ந்திருக்குமாறு அவர்கட்குப் பயிற்றுகின்றனர். குனிந்திருப்பவனுக்கு முள்ளெலும்பின் முன்விளிம்பிலேயே முழுச்சுமையும் சாரும்.

முன்பின் தள்ளும் விசை முற்றும் தீங்கற்றது என்றும் கொள்ளற்க. ஜப்பான் நாட்டில் பியூஜி மலையடியிலுள்ள ‘டோ-டோடோன்பா’ என்னும் ஊர்தி 1.56 நொடியில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் எய்தியது; கணக்கிட்டால் புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கிற்கும் மேற்பட்ட தள்ளுவிசை. அதில் ஏறியோர் சிலர்க்குக் கழுத்தெலும்பும் முதுகெலும்பும் முறிந்தமை தெரியவரவே 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதனை நிறுத்தினர். 2024-இல் அறவே கைவிட்டனர்.

இனி முதுகந்தண்டு. முப்பத்துமூன்று முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது அது. கழுத்தில் ஏழு, மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து. எஞ்சிய ஒன்பதும் கீழே ஒன்றோடொன்று பொருந்தியவை. அடுத்தடுத்த எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இடைத்தட்டுக்கள் உள. மார்புப் பகுதி விலாவெலும்புகளாற் கட்டுண்டு விறைத்தது. இடுப்புப் பகுதி வளைந்து கொடுப்பது. விறைத்த கழியும் வளையும் கழியும் பொருந்தும் மூட்டிலேயே முறிவு நேர்தல் இயல்பாதலின், பன்னிரண்டாம் மார்பெலும்பும் முதல் இடுப்பெலும்புமே பெரும்பாலும் நசுங்குகின்றன. தண்டுவடம் முடியுமிடமும் ஏறத்தாழ அதுவே. நம் இளைஞனின் நற்பேறு, எலும்பின் துண்டம் யாதும் பின்னே பிதுங்கித் தண்டுவடத்தைத் தாக்கவில்லை. கால்கள் அசைந்தன, உணர்ச்சி குறையவில்லை. ‘நிலையான முறிவு’ என்றனர் மருத்துவர். அச்சொல் அவனுக்கு முதலில் அச்சத்தையே தந்திருக்கும். என்றும் நீங்காது நிற்பது என்பது அதன் பொருளன்று. மேலும் இடம்பெயராது நிற்கும் என்பதே பொருள்.

அக்காலத்தார் இத்தகையோரைப் பல கிழமை அசையாது படுக்க வைத்தனர். வியன்னா நகரத்து லோரன்ஸ் போலர் என்னும் மருத்துவர், முறிந்த முதுகைச் சுண்ணக்கட்டினால் நிமிர்த்திக் கட்டி, அக்கட்டுடனேயே உடற்பயிற்சி செய்வித்தார். நம் காலத்திலோ, கட்டும் எல்லார்க்கும் வேண்டுவதன்று என்பது தெரிந்துளது. நரம்பு ஊறுபடாத சிலவகை முறிவுகளில் உடற்கச்சு அணிந்தோரும் அணியாதோரும் ஒப்பவே நலம் பெற்றனர் என 2014-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆராய்ச்சி காட்டிற்று. நெடுநாள் படுத்திருப்போர்க்குத் தசை மெலியும், எலும்பும் மெலியும்.

எலும்பு ஏன் மெலிகின்றது? யூலியஸ் வோல்ப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1892-இல் வெளியிட்ட கொள்கை இதற்கு விடையாகும். எலும்பு கல்லன்று, தன்மேல் வரும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் உயிர்ப்பொருள். சுமை வருமிடத்திற் செறியும், வாராதவிடத்திற் கரையும். எனவே எலும்பை முறித்ததும் சுமை, அதனை உரங்கொள்ளச் செய்வதும் சுமை. அளவும் காலமுமே வேறு. இதனைப் படித்தபோது யாம் நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளா இருந்தேம்.

சுவீடன் நாட்டு நாகெம்சன் என்பார் 1960-ஆம் ஆண்டுகளில், உயிருள்ள மாந்தரின் இடைத்தட்டில் ஊசி செலுத்தி உள்ளழுத்தத்தை அளந்தார். மல்லாந்து படுத்திருப்பவனுக்கு அது நிற்பவனுக்குள்ளதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. குனிந்து பொருள் தூக்குபவனுக்கோ பெரிதும் மிகும். நம் இளைஞனின் மாதங்கள் இவ்வேணியில் ஒவ்வொரு படியாக ஏறுவன: முதலில் படுக்கையிற் புரளுதல், பின் நிற்றல், நடத்தல், படியேறுதல், இடுப்பை வளையாது முழங்காலை மடக்கிப் பொருள் எடுத்தல். இத்தகைய முறிவு மூன்று திங்களளவிற் பொருந்தும். இடைத்தட்டு ஊறுபட்டிருப்பின் காலம் நீளும். அதனுட் குருதிக்குழாய் இன்மையின், அயலெலும்பினின்று கசிந்து வரும் ஊட்டமே அதற்கு உணவு.

எலும்பு பொருந்திய பின்னரும் பொருந்தாத ஒன்று உண்டு. கீழே கிடக்கும் செருப்பை எடுக்கக் குனிதற்கு அவன் அஞ்சுகின்றான். தும்மல் வருமுன் சுவரைப் பற்றுகின்றான். மருத்துவர் இதனை இயக்க அச்சம் என்பர். இவ்வச்சத்தால் அசைவைக் குறைப்பவன் மெலிந்து, மெலிவால் நோவுற்று, நோவால் மேலும் அஞ்சுவான். அச்சத்தைக் காசு கொடுத்து வாங்கியவன் இன்று காசின்றி வந்த அச்சத்தில் அமிழ்கின்றான். தொல்காப்பியனார் அச்சத்தையும் உவகையையும் எட்டு மெய்ப்பாட்டுள் வேறுவேறாக வைத்து, அச்சம் பிறக்கும் களன் அணங்கு முதலாக நான்கெனக் காட்டினார். உருளூர்தியில் அச்சமும் உவகையும் ஒருங்கே தோன்றுவதற்குக் காரணம், அஃது உண்மையில் தீங்கு செய்யாது என்னும் துணிவே என்பது எம் கருத்து. ஏணியினின்று வீழ்ந்தவனுக்கு அத்துணிவு போயிற்று. அவன் இழந்தது அது. மூன்று திங்களில் அது பொருந்துமென்று எவரும் உறுதி கூறார்.

ஊர்தி வாயிலிற் பலகையொன்று தொங்கும்: இதயநோயர், கருவுற்றோர், முதுகிலும் கழுத்திலும் ஊறுடையோர் ஏறற்க என்று. முந்நூறு முறை அதனைப் படியாது கடந்தான். இப்பொழுது அது தன்னையே விளிப்பதுபோல் தோன்றும். பலகையை மீறுக என்று கூறுவார் கூற்றை யாம் ஏலோம். இனி ஒருகாலும் பூங்காவினுட் புகாதே என்பாரோடும் உடன்படோம். தண்டூன்றி எலும்புகளைப் பிணித்துத் திருகாணி இட்டவர்க்கு விடை வேறு; பிணித்த இடத்திற்கு மேலும் கீழுமுள்ள மூட்டுக்கள் மிகுசுமை தாங்குவன. நிலையான முறிவு நன்கு பொருந்தியவன் தன் மருத்துவரிடம் சென்று வினவலாம். வினவுங்கால் தெளிவாக வினவ வேண்டும். ‘உருளூர்தியில் ஏறலாமா’ என்றால் மருத்துவர் ‘கூடாது’ என்றே கூறுவர். அவர் மனத்தில் எழுவது ஒரே உருளூர்தி. ஆர்வலனோ வேறுபாடு அறிந்தவன்.

அவ்வேறுபாடு யாது? மரப்பாதை அதிரும்; எஃகுக் குழாய்ப்பாதை பெரும்பாலும் மென்மையானது. மரப்பாதை வண்டியிலும் சக்கரத்திற்கு நேர்மேலுள்ள இருக்கை மிக அதிரும். இரு சக்கரத்திற்கும் நடுவணது அத்துணை அதிராது. முன்னிருக்கையும் பின்னிருக்கையும் ஒன்றல்ல. 2016-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், சிறுநீரகக் கல்லுக்கு உருளூர்தி மருந்தாகுமோ என வேடிக்கையாய்த் தோன்றும் ஓர் ஆராய்ச்சி செய்தனர். போலிச் சிறுநீரகத்தில் இட்ட கற்கள் பின்னிருக்கையில் நூற்றுக்கு அறுபத்துநான்களவும் முன்னிருக்கையிற் பதினேழளவும் நகர்ந்தன. கல்லை அசைப்பது முதுகையும் அசைக்கும் அன்றோ? மேடுகளிலே உடல் இருக்கையை விட்டு எழும் கணமும் தனியே கேடு செய்வதன்று. எழுந்தது மீண்டும் இருக்கையில் மோதுவதே கேடு.

இவையெல்லாம் எழுதிய தாளொன்றோடு நம் இளைஞன் மருத்துவரைக் காண்கின்றான். முந்நூறு பெயருள்ள தன் பட்டியலையும் உடன் கொண்டுசெல்கின்றான். பலவற்றை அவரினும் முன்னே அவனே அடித்துவிட்டான். வளையமுள்ளன பெரும்பாலும் போயின, மரப்பாதை ஏறக்குறைய எல்லாம் போயின. 1927-இல் திறந்த கோனி தீவின் ‘சைக்ளோன்’ என்னும் பெயரின்மேல் கோல் சற்றுத் தயங்கிற்று. பின் அதனையும் அடித்தது. மருத்துவர் இன்னும் சிலவற்றை நீக்கினார். எஞ்சியவற்றுள் ஒன்றன் எதிரே வினாக்குறி இட்டு, ஓராண்டு சென்றபின் பார்ப்போம் என்றார். அது டென்மார்க்கின் தலைநகராகிய கோபனேகனில், திவோலிப் பூங்காவில் 1914-இல் கட்டிய மரப்பாதை. அவ்வண்டியில் தடை பிடிப்பவர் ஒருவர் பயணிகளோடு தாமும் ஏறி வருவார். இறக்கத்தில் வேகம் மிகுமாயின் தம் கையாலேயே குறைப்பார்.