ஆய்வேட்டிற்கு ஓர் அச்சுச் சட்டகம்

ஓலைச்சுவடியில் செய்யுளடிகள் தனித்தனியே நில்லா. எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். பாடல் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது பதிப்பாசிரியரின் பெரும்பணி. 1887இல் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டில் இதுவும் ஒன்று.

நம் மாணவரோ கணிப்பொறியில் பழைய குழப்பத்தைப் புதிதாக உண்டாக்குகின்றனர். மேற்கோட்பாடலைத் தடித்த எழுத்தாக்கி, இடைவெளிக் கட்டையைத் தட்டித்தட்டி உள்ளே தள்ளுகின்றனர். எழுத்துருவை மாற்றினால் அனைத்தும் சரிகிறது. ஏட்டை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் பாடல்தோறும் தேடித் திருத்திய மாணவியரை நான் அறிவேன்.

டொனால்டு நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் மீது லெஸ்லி லாம்போர்ட் லாடெக்கைக் கட்டினார். அதனைக் கட்டளை மனப்பாடமின்றிக் கையாள, 1995இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கியது லிக்ஸ். விலையின்றிக் கிடைப்பது. இங்கே எழுதுவோர் 'இது செய்யுள்', 'இது மேற்கோள்' என்று பெயர்சுட்டினால் போதும். வடிவம் சட்டகத்தின் பொறுப்பு.

சட்டகம் அமைப்பது கடினமன்று. புதிய ஆவணத்தின் அமைப்புகளில் 'ரிப்போர்ட்' வகையையும் தமிழ்மொழியையும் தேர்க. எழுத்துருப் பகுதியில் டெக் அல்லாத எழுத்துருக்களைப் பயன்படுத்துமாறு குறித்து, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைத் தருக. பின்னர் 'லோக்கல் லேயவுட்' பகுதியில் செய்யுளுக்கெனப் புதிய பாணி ஒன்றை அறிவித்து, 'வெர்ஸ்' பாணியை நகலெடுக்கும் 'காப்பிஸ்டைல்' வரியை அதனுள் எழுதுக. இவ்வறிவிப்பு ஆவணத்தினுள்ளேயே தங்குவதால் எக்கணிப்பொறிக்கும் உடன் செல்லும்.

இங்கேதான் பலர் வழுக்குவர். பாணியில் எழுதும் எழுத்தளவும் ஓர இடமும் திரையை மட்டுமே மாற்றும். அச்சில் மாற வேண்டுமாயின் அதற்குரிய லாடெக் கட்டளையை ஆவணத்தின் முகப்புப் பகுதியில் எழுதியாக வேண்டும்.

சீறாப்புராணத்தை ஆய்வோர்க்கு அரபுச் சொற்களும் வேண்டும். வலமிருந்து இடமாக ஓடும் அவ்வெழுத்தைத் தமிழ் வரிக்குள் அமைக்க, ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட ஜீடெக் துணைசெய்கிறது. அமீரி போன்ற அரபு எழுத்துருவை முகப்பில் ஒருமுறை அறிவித்து, அச்சொற்களை மட்டும் அரபுமொழி எனக் குறித்தால் போதும்.

இயல் தலைப்பும் அங்ஙனமே. மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரில் 'சாப்டர்' என்று அச்சாவது அழகன்று! அதன் பெயரையும் முகப்பிலேயே 'இயல்' என்று மாற்றிக்கொள்க.

முடிந்த ஆவணத்தை லிக்ஸின் பயனர் கோப்புறையிலுள்ள 'டெம்ப்ளேட்ஸ்' உறையுள் சேமித்து வைத்தால், அடுத்த ஆண்டு மாணவி 'சட்டகத்திலிருந்து புதியது' என்று திறந்து நேரே முதல் இயலை எழுதத் தொடங்கலாம்.