நீச்சல் தெரியாமல் ஸ்கூபா டைவிங் போகலாமா?

கேள்வி: வரும் ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக் தீவில் மூன்று பேருக்கும் ஸ்கூபா டைவிங் முன்பதிவு செய்யப்போவதாக மகன் சொல்கிறான். எனக்கு வயது 47, நீச்சல் தெரியாது. விமானம் தரையிறங்கும்போதே காது வலி உயிர் போகும். கிட்டப்பார்வைக் கண்ணாடி வேறு. கணவருக்கு 52 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கடைசி நாள் காலையில் டைவிங்கை முடித்துக்கொண்டு அன்றே சென்னைக்கு விமானம் ஏறுவதாகத் திட்டம். நாங்கள் கடலுக்குள் இறங்கலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதல் வேலையாக அந்தக் கடைசி நாள் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். தண்ணீருக்கடியில் அழுத்தம் கூடுவதால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் கரைகிறது. அது வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது ரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிகள் உண்டாகலாம். ஒரே ஒருமுறை இறங்கியவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர்கள் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது டைவிங் மருத்துவர்களின் பரிந்துரை. ஒரு முழு நாள் விட்டுவிடுவது நல்லது. ஹேவ்லாக் போய்ச் சேர்ந்த மறுநாளே டைவிங்கை வைத்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் தெரியாதது நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தடை இல்லை. சான்றிதழ் படிப்புக்குத்தான் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. முதல்முறை இறங்குகிறவர்களைப் பயிற்றுநர் தன் பிடியிலேயே வைத்திருந்து கூட்டிப்போவார். ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் என்ற இடத்தில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி மூச்சுவிடப் பழகுவீர்கள். அந்தப் பழக்கம் அவசரமில்லாமல் நடக்க வேண்டும். ஒரு பயிற்றுநருக்கு ஒருவர்தானா, ஆழமில்லாத இடத்தில் எவ்வளவு நேரம் பழக்குவார்கள் என்று முன்பதிவுக்கு முன்பே மகனைக் கேட்கச் சொல்லுங்கள். சரியான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். படமும் வீடியோவும் இலவசம் என்பதெல்லாம் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அல்ல.

நீங்கள் கவலைப்பட வேண்டியது காதைப் பற்றித்தான். விமானம் தரையிறங்கும்போது அரை மணி நேரத்தில் படிப்படியாக ஏறுகிற அழுத்தம், கடலில் வெறும் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குள் ஏறிவிடும். பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழல் வழியே காற்றை உள்ளே அனுப்பினால்தான் செவிப்பறை உட்பக்கம் அழுந்தாமல் இருக்கும். மாஸ்க்குக்கு மேலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, இறங்கத் தொடங்கியதுமே, அரை மீட்டருக்கு ஒருமுறை. வலித்துவிட்டால் அழுத்தி ஊதாதீர்கள். கையைக் கிடையாக ஆட்டிக் காதைச் சுட்டிக்காட்டினால் பயிற்றுநர் சற்று மேலே கொண்டுபோவார், அங்கே மறுபடி முயலலாம். இதை இன்றிலிருந்தே வீட்டில் மென்மையாகப் பழகுங்கள், ஊதும்போது இரண்டு காதிலும் லேசாகச் சொடுக்குவதுபோல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கவே இல்லை என்றால், கிளம்புமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அன்றைக்குச் சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிப்பதும் ஆபத்து, மருந்தின் வேகம் பாதியில் தணிந்துவிட்டால் மேலே வரும்போது காற்று காதில் சிக்கிக்கொள்ளும்.

முதுகில் இருப்பதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று பலரும் சொல்கிறார்கள். அதில் இருப்பது நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றேதான், அழுத்தி அடைத்தது. அந்தக் காற்றை எந்த நேரத்திலும் அடக்கி வைக்கக் கூடாது என்பதுதான் ஸ்கூபாவின் முதல் விதி. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் ஒரு லிட்டர் காற்று, மேலே வந்தால் இரண்டு லிட்டர் ஆகும். மூச்சை அடக்கியபடி மேலேறினால் நுரையீரல் கிழியலாம், அதற்கு ஒன்றரை மீட்டர் ஏற்றமே போதும். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வது இயல்பு, அதனால்தான் கரையோரப் பழக்கத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன். உள்ளே நிதானமாக இழுத்து, நீளமாக விடுங்கள். நான்கைந்து மூச்சில் பதற்றம் அடங்கிவிடும். அதன் பிறகுதான் பவளப்பாறையும், கடல் அனிமோனுக்குள் ஒளிந்து எட்டிப்பார்க்கும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீனும் கண்ணில் படத் தொடங்கும். எதையும் தொடாதீர்கள். 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போயின. மிச்சமிருப்பதைக் கால் பட்டு உடைத்துவிடக் கூடாது.

ஒரு சைகையைக் கிளம்புமுன்பே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'நன்றாக இருக்கிறேன்' என்று பொருளல்ல, 'மேலே கூட்டிப்போ' என்று பொருள். நன்றாக இருப்பதைச் சொல்ல, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் கட்டைவிரலைக் காட்டுங்கள். மகன் கட்டிய பணத்துக்காக நீங்கள் உள்ளே இருக்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். இறங்குமுன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். இதயம், ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை சிகிச்சை எனக் கேள்விகள் இருக்கும். 45 வயதைக் கடந்தவர்களுக்கு ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் பற்றித் தனியாகவே கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடச் சொல்லும் இடங்கள் உண்டு. அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். தீவில் போய் மருத்துவரைத் தேடுவதைவிட, மாத்திரை எழுதித்தரும் மருத்துவரிடம் இப்போதே காட்டி, டைவிங் செய்யலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால், விட்டுவிட வேண்டியதுதான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் அணிய முடியாது. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடலாம். பவர் உள்ள மாஸ்க் சில இடங்களில் கிடைக்கும், உங்கள் எண்ணைச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். லேசான குறைபாடு என்றால் இரண்டுமே தேவைப்படாது, தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கணவருக்கு மீசை இருந்தால் மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் கசியும், மழிக்க வேண்டாம். மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து, சற்றே அண்ணாந்து, மூக்கு வழியாக ஊதினால் தண்ணீர் கீழ்ப்பக்கம் வெளியேறிவிடும். இதையும் இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை செய்துபார்த்த பிறகே ஆழத்துக்குப் போங்கள்.