சர்தார் படேல் ரோட்டுல பிறந்த ஒரு கிராஃப்

ப்ராஜெக்ட் ரிவியூல என் புரத மாடலைத் திரையில போட்டதுமே முதல் கேள்வி: "ராமச்சந்திரன் ப்ளாட்ல நாலு புள்ளி வெளியே நிக்குதே, ஏன்?" பதில் தெரியல. அந்த ராமச்சந்திரன் யாருன்னும் தெரியல. மயிலாப்பூர்லேர்ந்து மத்திய கைலாஷ் வழியா நான் தினமும் பஸ்ல போற ரோட்டுப் பக்கத்துலதான் அந்த ப்ளாட் பிறந்துச்சுன்னு அப்புறம்தான் படிச்சேன். நீங்க இப்படி மாட்டிக்காதீங்க.

முதல்ல விஷயம். அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் கோர்க்கப்பட்டதுதான் புரதம். இந்தப் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி. அதனால் அது சுலபத்தில் திரும்பாது, அட்டை போல விறைப்பா இருக்கும். ரெண்டு ஐடி கார்டை மூலையில ஒரு சாவி வளையத்தால கோர்த்துப் பாருங்க. கார்டுதான் பெப்டைடு தளம், வளையம் ஆல்ஃபா கார்பன். வளையத்துக்கு ஒரு பக்கம் திரும்புற கோணம் ஃபை, மறுபக்கம் சை. ரெண்டுமே -180 முதல் +180 டிகிரி வரை போகலாம். ஆனா திருப்பிக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல கார்டுகள் இடிக்கும். அணுக்களும் அப்படித்தான். இடிக்காத கோண ஜோடிகளை மட்டும் கிராஃபில் நிழலடிச்சா அதுதான் ராமச்சந்திரன் ப்ளாட். பெரும்பகுதி காலியா இருக்கும். ஆல்ஃபா ஹீலிக்ஸ் சுமார் (-57, -47)ல உட்காரும், பீட்டா இழை மேலே இடது பக்கம்.

ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல்காரர். 1952ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியரா வந்தார். அப்போ சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னல், கொலாஜனோட அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடலன்னு சொன்னது அவர் மனசுல ஒட்டிக்கிச்சு. கங்காரு வால் தசைநாண் கிடைச்சது எங்கேன்னு நினைக்கிறீங்க? அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல, சி.எல்.ஆர்.ஐ.யிலதான்! 1954ல கோபிநாத் கர்த்தாவும் அவரும் 'நேச்சர்' இதழில் மூணு இழை வடிவத்தை வெளியிட்டாங்க.

அப்புறம்தான் அடி. சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்குன்னு கிரிக்கும் ரிச்சும் விமர்சிச்சாங்க. நானா இருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். இவர், அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்னு அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி அளவெடுத்தார். அதை வெச்சு, ராமகிருஷ்ணன், சசிசேகரன் ரெண்டு பேரோட சேர்ந்து 1963ல வெளியிட்டதுதான் இந்த ப்ளாட். விமர்சனத்துக்குப் பதில் தேடப்போய், கேள்வியைவிடப் பெரிசா ஒண்ணு கிடைச்சிருக்கு.

பெப்டைடு வேதியியலுக்குன்னே அமெரிக்க பெப்டைடு சொசைட்டியோட மெரிஃபீல்டு விருது இருக்கு. 1984ல நோபல் வாங்கின புரூஸ் மெரிஃபீல்டு பேர்ல தர்றது. ராமச்சந்திரனுக்குக் கிடைச்சது படிகவியலோட எவால்டு பரிசு, 1999ல. பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் மூணு வருஷத்துக்கு ஒருமுறை தர்ற பரிசு இது. கொலாஜனையும், முக்கியமா இந்த ப்ளாட்டையும் சொல்லியே கொடுத்தாங்க. ப்ளாட் வந்து 36 வருஷம் கழிச்சு! அப்போ அவர் உடம்பு முடியாம இருந்தார். 2001 ஏப்ரல்ல சென்னையிலேயே காலமானார். எனக்கென்னவோ இது ரொம்ப லேட்டுன்னுதான் தோணுது.

சரி, என் நாலு புள்ளி? மூணு கிளைசின். அதுக்குப் பக்கச் சங்கிலியே இல்ல, வெறும் ஹைட்ரஜன், அதனால மத்தது போக முடியாத இடத்துக்கும் போகும். தப்பே கிடையாது. நாலாவது ஒரு லூப்ல இருந்த அலனின். அது என் தப்பு. அடுத்த ரிவியூக்குள்ள அந்த லூப்பை மறுபடி மாடல் பண்ணணும்.